ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள்

ஏழுமலை செத்து மூன்றாம் நாள், புதன்கிழமை சாயங்காலம், அவன் பெயருக்கு எதிரே தேதி போடுவதற்காக எங்கள் சபையின் ஜெப நோட்டைத் திறந்தேன். அவன் பெயர் இருந்த பக்கத்தைக் காணவில்லை. முப்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டினால் நாற்பதாம் பக்கம் வந்தது. படகில் வரும்போது நோட்டின் மேல் தண்ணீர் தெறித்து, நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிப் போயிருந்தன.

நகத்தால் மெல்லப் பிரித்தேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில், மேலிருந்து நான்காவது வரி, என் கையெழுத்து. "ஏழுமலை, அஞ்சலை வீட்டுக்காரர். முகத்துவாரம் தாண்டிப் போகிறார். பத்திரமாகத் திரும்ப." முந்தின வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லாப் பெயர்களையும் சத்தமாகப் படித்தவள் நான். இந்த இரண்டு பக்கங்களை மட்டும் படிக்கவில்லை. திங்கட்கிழமை படகு கவிழ்ந்தது.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, இதுநாள் வரை நம்மைக் கரை சேர்த்தவருக்கு நன்றி சொல்லி இந்தச் சாட்சியை எழுதுகிறேன். கட்டி கரைந்தது, கை கால் எழுந்தது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் உடம்பில் ஒரு காயமும் கிடையாது. ஆறு மாதம் என் தலைக்குள் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். நாட்களும் கிழமைகளும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

என் பெயர் சுகந்தி. வயது நாற்பத்தாறு. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற குப்பத்தில் பிறந்தேன், அங்கேயே வாழ்க்கைப்பட்டேன். கடைத்தெருவுக்குப் போவதென்றாலும் படகு ஏற வேண்டும். பத்தாவதோடு படிப்பு நின்றது. படிக்கிற பழக்கம் நிற்கவில்லை. பழவேற்காட்டு நூலகத்தில் இரவல் வாங்காத அலமாரி எனக்குக் கிடையாது. எட்டாவது படிக்கும்போது நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். வாடைக்காற்று எந்த நாளில் திரும்பியது, முகத்துவாரம் எப்போது மண் மூடியது, எப்போது வெட்டிவிட்டார்கள், யாருக்கு என்ன குழந்தை, யார் எப்போது போனார்கள், எல்லாம் அதில் இருக்கும். குப்பத்தில் யாருக்காவது ஆதார் அட்டையில் பிறந்த தேதி தப்பாக விழுந்தால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

என் வேலை இறால் தடவுவது. எங்கள் ஏரியில் வலை கட்டுகிற குடும்பங்களுக்குப் பாடு உண்டு. பாடு என்றால் முறை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊரில் முன்கூட்டியே பிரித்துவிடுவார்கள். நல்ல இடம் ஒரே ஆளிடம் நிற்காது, சுற்றி வரும். கையால் தடவுகிற எங்களுக்குப் பாடு கிடையாது. தண்ணீர் இறங்குகிற நேரம் பார்த்து ஏரிக்குள் போய், இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றில் விரலால் தேடுவோம். பிடித்த இறாலைப் போடுவதற்குப் பனையோலைப் பறி இருக்கும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஜெப நோட்டு என் கைக்கு வந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. "நீங்கதான் தேதி தவறாம எழுதுறவங்க, நீங்களே வெச்சிக்குங்க சிஸ்டர்" என்று சொல்லிப் பாஸ்டர் கொடுத்தார். விண்ணப்பம் வந்த நாளை நீலத்தில் எழுதுவேன். கேட்டது கிடைத்த நாளைச் சிவப்பில் எழுதுவேன். வெள்ளிக்கிழமை நான் படிக்கப் படிக்க சபை ஆமென் சொல்லும். சபைக்கு வராதவர்களும் பெயர் கொடுப்பார்கள். அந்த அக்டோபரில் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள் இருந்தன.

அஞ்சலை சபைக்கு வராதவள். இருபது வருடமாக என் பக்கத்தில் இறால் தடவுகிறவள். ஒரு நாள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"யக்கா, எங்க வூட்டுக்காரன் பேர உன் நோட்டுல போடு. ஏரில ஒண்ணும் கெடைக்கலனு முகத்துவாரம் தாண்டிப் போவப் போறான். எங்க சாமிகிட்ட நானே சொல்லிக்கிறேன். உங்காளுகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லி வெச்சிடு."

"ரெண்டு பேருகிட்டயும் சொன்னா சண்டை வராதா?" என்று கேட்டேன்.

"வந்தா வரட்டும். ரெண்டுல யாராச்சும் முழிச்சிருப்பாங்க இல்ல."

அன்றே எழுதினேன். பிறகு வந்த வெள்ளி, அக்டோபரின் கடைசி வெள்ளி. அமாவாசை கழிந்து நான்காம் நாள். அதற்கடுத்த திங்கட்கிழமை காலை ஏழுமலை இன்னும் மூன்று பேரோடு பைபர் படகில் போனான். முகத்துவாரத்தில் மண்மேடு ஏறி, அலை உடைகிற இடம் மாறியிருந்தது. மூன்று பேர் நீந்தி வந்தார்கள். ஏழுமலை செவ்வாய்க்கிழமை கரை ஒதுங்கினான். புதன்கிழமை மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். அஞ்சலை அழவில்லை. அவன் சட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்துதான் நோட்டைத் திறந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தேவராஜிடம்கூட. அவர் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஒப்பந்த வேலை செய்கிறார். ஷிப்ட் முடிந்து வந்தால் சோற்றைப் போடு என்பார், தூங்குவார். மகள் ஷீபா பொன்னேரியில் கல்லூரி இரண்டாம் வருடம். இவர்களிடம் என்ன சொல்வது? நான் ஒரு பக்கத்தைப் படிக்காததால் ஒரு மனிதன் செத்துப் போனான் என்றா?

அன்றிலிருந்து நோட்டை நான் தனியாகவும் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு தாளையும் விரலால் தேய்த்து, ஒட்டவில்லை என்று பார்த்துவிட்டுப் புரட்டுவேன். நவம்பரில் ஒரு நாளைக்கு ஒரு முறை. டிசம்பர் முதல் வாரம் மூன்று முறை. நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. நடுவில் யாராவது கூப்பிட்டால் கணக்கில் சேராது, முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒரு பெயரைச் சொல்லும்போது வேறு நினைப்பு வந்தால் அதுவும் சேராது. உதடு அசையாமல் மனசுக்குள் படித்தால் சேராது. இந்தச் சட்டங்களை யார் போட்டது? எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. ஒவ்வொன்றாக வந்தன. வந்த பிறகு போகவில்லை.

உதடு அசைய வேண்டும் என்ற சட்டம்தான் என் பிழைப்பைக் கெடுத்தது. பறியைக் கடித்துக்கொண்டு பெயர் சொல்ல முடியாது. பெயர் சொன்னால் பறியை விட வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு, பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைகளைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு முணுமுணுத்தேன். பறி காலியாகவே வந்தது. ஒரு நாள் நண்டு என் சுண்டுவிரலைக் கவ்வியதை, ரத்தம் வந்ததைப் பக்கத்தில் நின்ற பெண் சொல்லித்தான் பார்த்தேன்.

"இன்னா சுகந்தியக்கா, தண்ணிக்கே வேதம் சொல்றியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எண்பத்தாறாவது பெயரில் இருந்தேன். சிரித்ததால் மறுபடி முதலிலிருந்து.

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் சோறு தீய்ந்தது. தேவராஜ் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேல் சோற்றை அள்ளிச் சாப்பிட்டார். எனக்குப் பசி இல்லை. தூக்கம் இல்லை. நெஞ்சு எப்போதும் ஓடி வந்தவள்போல் அடித்துக்கொண்டிருந்தது. புதுசாக யாராவது பெயர் கொடுக்க வந்தால் கதவைச் சாத்திவிடலாமா என்று இருக்கும். ஆனாலும் வாங்கினேன். வேண்டாம் என்று சொன்னால், அந்த ஆளுக்கு ஏதாவது ஆனால் அதுவும் என்மேல்தானே.

ஜனவரியில் பாஸ்டரிடம் போனேன். முழுவதும் சொல்லவில்லை. "மனசுக்குச் சமாதானம் இல்லை ஐயா" என்று மட்டும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "உபவாசத்தைக் கூட்டுங்க சிஸ்டர். ஜெபத்துல இன்னும் தரிச்சு நில்லுங்க" என்றார். காய்ச்சல்காரியிடம் வெயிலில் நில் என்று சொன்னதுபோல் ஆனது. அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதுக்கு அவர் சொன்னார். இருபத்தொரு நாள் ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருந்தேன். பட்டியலை நாளுக்கு ஐந்து முறை படித்தேன்.

நான் பல விஷயம் படிக்கிறவள் என்று சொன்னேன். கவலை முற்றினால் மனசு நோய்ப்படும் என்று பத்திரிகைகளில் எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அவை எல்லாம் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு என்று நினைத்தேன். என்னுடையது பாவம், நோய் கிடையாது என்று உறுதியாக நம்பினேன். பாவத்துக்கு மாத்திரை உண்டா?

ஏப்ரல் வந்தது. ஷீபாவுக்குப் பருவத் தேர்வு. நான் படித்து முடிக்காமல் அவள் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. முதல் இரண்டு தேர்வுகளுக்கு விடியும் முன்பே எழுந்து படித்து முடித்துவிட்டேன். மூன்றாவது தேர்வு ஒரு வியாழக்கிழமை. அன்று நூற்றுத் தொண்ணூறு பெயர் தாண்டும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. முதலிலிருந்து தொடங்கினேன். ஷீபாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

"அம்மா, போட் எடுக்கப் போறாங்க. உடும்மா."

நான் தலையை ஆட்டினேன். பேசினால் அதுவும் சேராது.

"நைனா, அம்மாவப் பாரு நைனா. கைய உட மாட்டேங்குது."

தேவராஜ் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஏழு மணிப் படகு போய்விட்டது. அடுத்த படகில் போய், பஸ் பிடித்து, அவள் கல்லூரி வாசலை அடைந்தபோது தேர்வு தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே விடவில்லை. சாயங்காலம் வந்தவள் என்னைத் திட்டவில்லை. அவள் மணிக்கட்டில் என் நகம் பதிந்த நான்கு அடையாளங்கள் இருந்தன. அதைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு நான் போகவில்லை. பதினொரு வருடத்தில் முதல் முறை.

சனிக்கிழமை காலை தண்ணீர் இறங்குவதற்கு முன்பே ஏரிக்குப் போனேன். நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மடியில் கட்டியிருந்தேன். மற்ற பெண்கள் இறங்குகிற பக்கத்தை விட்டு, வேறு பக்கம் நடந்தேன். கழுத்தளவு வந்தது. அன்பானவர்களே, இதை மூடி எழுதினால் சாட்சி பொய்யாகிவிடும். கரைக்குத் திரும்ப வேண்டாம் என்றுதான் இருந்தது. துக்கம்கூட இல்லை. நான் இல்லாவிட்டால் பட்டியலும் இல்லை, ஷீபா நேரத்துக்குப் படகு ஏறுவாள் என்ற ஒரே நினைப்பு.

அப்போதும் உதடு பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்றாவது பெயரில் மூச்சு நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடியவில்லை. பல மாதத்தில் முதல் முறையாகப் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொன்னேன். "ஆண்டவரே, என்னால் தூக்க முடியவில்லை. யாராவது வந்து வாங்கிக்கொள்ளட்டும்." அவ்வளவுதான் என் ஜெபம். தேதி நேரம் எல்லாம் பிறகு எழுதினேன். அப்போது எதுவும் தெரியவில்லை. தோளில் மாட்டியிருந்த பறியின் கயிறு எப்போது நழுவியது என்றும் தெரியவில்லை.

பறி மிதந்து போனது. நீரோட்டம் அதை மற்ற பெண்கள் இறங்குகிற பக்கம் கொண்டுபோனது. அன்று அவர்களில் முதலில் வந்து தண்ணீரில் இறங்கியவள் அஞ்சலை. காலிப் பறி ஒன்று தனியாக வருவதைப் பார்த்திருக்கிறாள். கயிற்றில் நான் கட்டியிருந்த சிவப்புத் துணியைப் பார்த்திருக்கிறாள்.

"யக்கா, அங்க இன்னா பண்ற? அங்க இறாலு கீதுனு எவன் சொன்னது?"

திரும்பிப் பார்த்தேன். அவள் என் பறியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பேசியது. தாள் ஒட்டியிருந்ததைச் சொன்னேன். முப்பத்தெட்டாம் பக்கம், நான்காவது வரி என்று சொன்னேன். உன் புருசனை நான்தான் கொன்றேன் என்று சொன்னேன்.

அவள் என் முடியைப் பிடித்தாள். ஆழம் குறைகிற வரைக்கும் பிடித்த பிடியை விடவில்லை. இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்ததும் விட்டாள். அவள் முகம் கோபத்தில் கறுத்திருந்தது. ஆறுதல் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

"என் புருசன் சாவக்கூட நீயே எடுத்துக்கினியா? அது எனுதுக்கா. அது ஒண்ணுதான் அவன் எனக்கு உட்டுட்டுப் போனது."

பறியை என் கையில் திணித்தாள்.

"காத்து திரும்பிடுச்சு, போவாதனு நான் சொன்னேன். சிரிச்சான். மெதக்கிற சட்டைய ஆணில மாட்டிட்டுப் போனான், இன்னும் அங்கயேதான் தொங்குது. முகத்துவாரத்துல மண்ணு ஏறினு கெடக்குதுனு ஊருக்கே தெரியும். இதுல நீ எங்க வந்த? நீ அவன் பேரப் படிச்சிருந்தா அலை நின்னிருக்குமா? அப்ப நீ யாரு? உங்க சாமி தூங்கினா எழுப்பி உடுற ஆளா நீ?"

எத்தனையோ வருடம் பிரசங்கம் கேட்டவள் நான். என் நெஞ்சில் அப்படி இறங்கிய வார்த்தை வேறு இல்லை. நான் பக்தி என்று நினைத்துச் சுமந்தது, ஆண்டவர் உட்காருகிற இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டதுதான் என்று அந்தத் தண்ணீரில் நின்று புரிந்தது. புரிந்ததால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கரை ஏறும்போதே உதடு மறுபடி முதல் பெயரில் தொடங்கிவிட்டது.

அஞ்சலை அதைப் பார்த்தாள். "இது உன்னால நிக்காது" என்றாள். "எனக்கும் அவன் போனதுலருந்து தூக்கம் வர்ல. பொன்னேரி பெரியாஸ்பத்திரிக்கு மனசுக்குப் பாக்குற டாக்டரு வாரத்துல ஒரு நாள் வராங்களாம். எனக்குத் தனியாப் போவ பயமாக் கீது. நீ தொணைக்கு வா." பிறகு என் வீடு வரை வந்து, தேவராஜிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "மூணு நாளு இத்தத் தனியா உடாத" என்றாள். அவர் லீவு போட்டு வீட்டில் இருந்தார். ஷீபா என் பாயிலேயே படுத்தாள்.

டாக்டர் வருகிற நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, செவ்வாய்க்கிழமை போனோம். படகில் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

"இன்னா, ரெண்டு பேரும் காலைலயே டவுனுக்கு?"

"பைத்தியம் புடிச்சிடுச்சு, காட்டப் போறோம்" என்றாள் அஞ்சலை.

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். நான் நோட்டை மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் அவசரப்படாமல் புரட்டினார். ஒட்டியிருந்த பக்கங்களில் எத்தனை பெயர் இருக்கிறது என்று கேட்டார்.

"இருபத்திரண்டு."

"மத்த இருபத்தோரு பேர் எப்படி இருக்காங்க?"

நான் யோசித்தேன். ஒருத்திக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஒருவனுக்குக் காலில் கட்டு அவிழ்த்திருந்தார்கள். ஒரு கிழவர் இன்னும் டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் இருந்தார்கள். ஆறு மாதமாக நான் அவர்களை எண்ணிப் பார்க்கவே இல்லை.

"இது நோய்ம்மா. நிறைய பேருக்கு வருது. சாமி கும்பிடுறவங்களுக்கு ஜெபத்து வழியா வரும், வேற ஒருத்தருக்குப் பூட்ட இழுத்து இழுத்துப் பாக்கிற மாதிரி வரும். நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் தடுக்கல. ஒரு தடவ பண்ணுங்க. திரும்பப் படின்னு மனசு சொல்லும்போது படிக்காம உட்காருங்க. நெஞ்சு பதறும். அது தானா இறங்கும். எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு எழுதிட்டு வாங்க. உங்களுக்குத்தான் எழுதுற பழக்கம் இருக்கே."

மாத்திரை எழுதினார். உயிரை விடத் தோன்றினால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று தேவராஜுக்கும் சொல்லச் சொன்னார். அடுத்தது அஞ்சலை உள்ளே போனாள். தூக்கம் வராததாக அவள் எனக்காகப் பொய் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, கண் வீங்கி வந்தாள். அவள் கையிலும் ஒரு சீட்டு இருந்தது. அடக்கத்தன்று அழாதவள் அங்கேதான் அழுதிருக்கிறாள்.

நாட்குறிப்பின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். முதல் நாள் பதற்றம் இறங்க ஒரு மணி பத்து நிமிடம். அன்று தோற்று, இரண்டு முறை படித்தேன். அதையும் எழுதினேன். ஒன்பதாம் நாள் ஐம்பது நிமிடம். மே மாதக் கடைசியில் அரை மணி. மாத்திரை வேலை செய்ய நாள் பிடித்தது. முதல் வாரம் வாந்தி வந்தது, நிறுத்திவிடலாமா என்று கேட்டேன், நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் சொன்னார், நிறுத்தவில்லை.

பாஸ்டரிடம் இந்த முறை முழுவதும் சொன்னேன். "நான் தப்பாச் சொல்லிட்டேன் சிஸ்டர். நீங்க சோறு தின்னணும்னு சொல்லியிருக்கணும்" என்றார். நோட்டை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. இனி யார் வைத்துக்கொள்வது? என்னோடு துணைக்கு வந்திருந்த அஞ்சலை வாசல் பக்கம் நின்றிருந்தாள்.

"ஏரிக்கே பாடு கீது. ஒருத்தனே தெனம் நல்ல எடத்துல வலை கட்டினா ஊரு உடுமா? இந்த நோட்டுக்கு மட்டும் இன்னாத்துக்குப் பதினோரு வருசம் ஒரே ஆளு? பாடு போடுங்க ஐயரே."

பாஸ்டரை ஐயரே என்று கூப்பிடுகிறவள் எங்கள் குப்பத்தில் அவள் ஒருத்திதான். அவர் சிரித்துவிட்டார். ஜூன் முதல் வெள்ளியில் நோட்டுக்குப் பாடு போட்டோம். ஒருவருக்கு ஒரு வாரம். அடுத்த வாரம் அதே கையில் இருக்கக் கூடாது. படிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் படித்துக் கொடுக்கலாம்.

நவம்பரில் ஷீபா விட்டுப்போன தேர்வை எழுதினாள். அது ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாளிலிருந்தே வாடை பலமாக அடித்தது. ஏழு மணிப் படகில் அவள் ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வாரம் நோட்டு தேவராஜின் முறை. வெள்ளி ஜெபத்தில் பத்தரை மணிக்கு எழுந்து நின்று, விரலை வரிமேல் வைத்து, தடுக்கித் தடுக்கிப் படித்தார். பின்பக்கங்கள் ஒன்றில் விரல் ஒரு வரி தாண்டியது. தாண்டிய வரி எனக்குத் தெரியும். "ஷீபா. தேர்வு. படகு."

சொந்த மகள் பெயரையே விட்டுவிட்டார். அவருக்குத் தெரியவில்லை. சபையில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியும். மருத்துவர் சொன்ன அந்தப் பதற்றம் ஏறியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பது. எழுந்து சொல்லலாம், ஒரே ஒரு வார்த்தை. உதட்டை மூடிக்கொண்டு, பறிக் கயிற்றைக் கடிப்பதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூரைத் தகரத்தில் காற்று அடித்தது. ஏழுமலை நினைவுக்கு வந்தான். "அவளையும் நீரே அறிவீர்" என்று ஒரு முறை சொன்னேன். ஒரே முறை. பதினொன்று அடித்துப் பன்னிரண்டாம் நிமிடம் பதற்றம் இறங்கியது. அவர் படித்து முடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன்.

சாயங்காலம் ஷீபா நனைந்து வந்தாள். "செம பசிம்மா. கொழம்பு இன்னா?" என்று கேட்டாள். தேர்வைப் பற்றிச் சாப்பிட்ட பிறகுதான் சொன்னாள். அவள் பெயர் விட்டுப்போனதை நான் இன்றுவரை அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள்.

இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன். மாதம் ஒரு முறை பொன்னேரிக்குப் போகிறேன், பெரும்பாலும் அஞ்சலையோடு. ஏழுமலை திரும்பி வரவில்லை. அவன் பெயருக்கு எதிரே இருக்கும் இடத்தில் சிவப்பில் எழுத எனக்கு எதுவும் இல்லை, அதை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். சில நாட்களில், முக்கியமாக வாடை திரும்பும்போது, முதல் பெயர் உதட்டுக்கு வருகிறது. வரட்டும் என்று விடுகிறேன். வாயில் கயிறு இருக்கிறது, கையில் இறால் இருக்கிறது.

அன்பானவர்களே, என் ஜெபத்துக்குப் பதில் வெளிச்சமாகவோ சத்தமாகவோ வரவில்லை. நம் சபைக்கு வராத ஒருத்தி, என் காலிப் பறியைத் தூக்கிக்கொண்டு, கோபமாக வந்தாள். ஆண்டவர் அனுப்பினார் என்று நான் விசுவாசிக்கிறேன். அஞ்சலையிடம் சொன்னால், நீரோட்டம் அந்தப் பக்கம் ஓடியது என்பாள். இரண்டும் எனக்குப் போதும். உங்களில் யாராவது யாருக்கும் சொல்லாமல் ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தால், இன்றைக்கே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் என்று நினைக்காதீர்கள். அந்த பெஞ்சிலும் அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நம்பிப் போங்கள்.

ஜெப நோட்டு நான்கு மாதமாக என் முறைக்கு வரவில்லை. அடுத்த வாரம் யாருடைய பாடு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் எழுதி வைக்கவில்லை.